ஃபெலிக்ஸ் மகாத்துக்கு ஒரே வாக்கியம்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மானியக் கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஃபெலிக்ஸ் மகாத்துக்கு அதில் கிடைத்தது ஒரே வாக்கியம்: காயம்பட்ட வீரரின் தொடையில் சீஸ் வைக்கச் சொன்ன விசித்திரப் பேர்வழி. அதற்குமேல் இதழைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பயிற்சியாளராக இருந்த லண்டன் அணியான ஃபுல்ஹாமில் அப்படி ஒரு பேச்சு நடந்தது உண்மை. ஜெர்மனியில் வீக்கத்துக்கு க்வார்க் என்ற மெத்தென்ற பாலாடைக்கட்டியைப் பற்றுப் போடுவது பழைய வீட்டு வைத்தியம். சுளுக்குக்கு நம் வீடுகளில் மஞ்சள் பற்று போடுவதைப் போல. இதை விசாரிக்காமல் ஒரு மனிதரைக் கேலிப்பொருளாக்கலாமா? ஃபுல்ஹாம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய பழியும் அவர் தலையில். 2014 பிப்ரவரியில் அவர் வந்தபோதே அந்த அணி கடைசி இடத்தில்தான் இருந்தது. அந்தப் பருவத்தில் அவர் மூன்றாவது பயிற்சியாளர். தாங்கள் அறியாததல்ல.

அவர் ஹாம்பர்க் அணியின் வீரராக ஆடிய ஏதென்ஸ் ஆட்டத்தையும் தாங்கள் அறிவீர்கள். 1983 மே 25, கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே இத்தாலிய அணி யுவெண்டஸ்: பிளாட்டினி, போனியெக், இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்று தந்த ஆறு பேர், கோல்கம்பத்தில் ஜோஃப். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து மகாத் இடது காலால் உதைத்த பந்து வலைக்குள் போனது. ஹாம்பர்க் 1-0 என்று வென்றது. தாங்கள் வெளியிட்ட படம் அந்த இரவுடையது. அதன் கீழே 1980 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1980 இறுதி ஆட்டம் மாட்ரிட்டில் நடந்தது. அதில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டிடம் ஹாம்பர்க் தோற்றது! வென்றவரின் படத்துக்குத் தோற்ற ஆண்டைப் போட்டுவிட்டீர்கள்.

பயிற்சியாளராக அவர் கடுமையானவர். மெடிசின் பந்து என்ற கனமான பயிற்சிப் பந்தும் மேட்டில் ஓட்டமுமாக வீரர்களைப் பிழிந்தெடுத்தார். அதை விமர்சியுங்கள், ஏற்கிறேன். ஆனால் பின்னாளில் ஜெர்மனியின் கேப்டனான ஃபிலிப் லாமை, பத்தொன்பது வயதில், ஸ்டுட்கார்ட் அணியில் இடது பின்களத்தில் நிறுத்தி ஆளாக்கியவர் யார்? பயர்ன் மியூனிக் அணிக்கு 2005, 2006 என்று அடுத்தடுத்து ஜெர்மன் லீகையும் ஜெர்மன் கோப்பையையும் சேர்த்து வென்று தந்தார். அதற்குமுன் யாரும் செய்யாதது. 2007 ஜனவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2009இல் வோல்ஃப்ஸ்பர்க்கைச் சாம்பியனாக்கினார். 2022இல், 68 வயதில், பெர்லின் அணியான ஹெர்த்தாவைக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றினார். அதற்காகத் தன் பழைய ஹாம்பர்க்கையே அதன் மைதானத்தில் 2-0 என்று வீழ்த்த வேண்டியிருந்தது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஓடச் சொன்னால் என்னைத் திட்டிய பையன்கள்தான் கடைசிப் பத்து நிமிடத்தில் நின்று விளையாடினார்கள். பிறகு அவர்களே வந்து சொன்னதும் உண்டு. அதனால்தான் இந்தக் கேலி எனக்கு வலிக்கிறது.

தங்கள் இதழில் கால்பந்துக்கு எப்போதும் இந்தக் கதிதான். கிரிக்கெட் வீரரின் முடிவெட்டுக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது. கால்பந்து, உலகக் கோப்பை வந்தால்தான் தங்கள் நினைவுக்கு வருகிறது. முன்பு எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. நெடுநாள் சந்தாதாரன் என்ற உரிமையில் மட்டுமே இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள்: ஏதென்ஸ், 1983.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி.