முதலூர் சபையாருக்கு நன்றி மடல்

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் இணையற்ற நாமத்தில் முதலூர் சபையார் அனைவருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,150 கிராம். முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். 108 ஆம்புலன்சில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுசேர்த்தார்கள். நான் அப்போது குவைத்தில். லீவு கிடைத்து ஊர் வந்து சேர 19 நாள் ஆகிவிட்டது. அந்த 19 நாளும் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் நீங்கள் நின்றீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் அழுகைதான் வந்தது, வார்த்தை வரவில்லை. நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கியதை ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லுக்குள் சுமந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் வந்ததும் உபதேசியார் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். கோடு போட்ட பழைய பள்ளிக்கூட நோட்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சங்கிலி ஜெபத்துக்கு மணிக்கணக்குப் பிரித்து, யார் எந்த நேரம் என்று எழுதியிருந்தார்கள். ஓரத்தில் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் எடை. 1,150. அப்புறம் 1,110. அப்புறம் 1,070. ஆறாம் நாள் 1,040. குறைமாதப் பிள்ளைக்கு முதல் வாரம் எடை இறங்குவது வழக்கம்தான் என்று டாக்டரம்மா சொல்லியும் உங்களுக்கு மனசு ஆறவில்லை போலும். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு மணிக்கும் நேராக மூன்று நான்கு பெயர்கள். பத்தாம் நாள் 1,060 என்று எழுதி, பக்கத்தில் யாரோ ‘ஸ்தோத்திரம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பேனா அழுந்திப் பின்பக்கம்வரை தெரிகிறது.

விடியற்காலை 3 மணிக்கு நேராகப் பெயர் இல்லை, ஒரு சிலுவைக் குறிதான் இருந்தது, 19 நாளும். எழுதப் படிக்கத் தெரியாத நம் கடைசித் தெரு ஆச்சி போட்டது. நம்மூர் மூன்று மணி என்றால் குவைத்தில் இரவு பன்னிரண்டரை. கூரையைப் பார்த்தபடி தூக்கமில்லாமல் நான் கிடந்த நேரம் அது. ஆச்சி, நீங்கள் அப்போது முழங்காலில் நின்றது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி பால், அதுவும் குழாய் வழியாக. என் மனைவிக்குப் பால் ஊறவேண்டும் என்று பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் சமைத்து, முதல் பஸ்ஸில் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்த சித்திமாரையும், ரத்தம் வேண்டும் என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பைக்கில் போன வாலிபத் தம்பிமாரையும் மறக்கவே மாட்டேன். குவைத்தில் வெள்ளிக்கிழமை ஆராதனையில் எனக்காக ஜெபித்த தமிழ்ச் சபையாருக்கும் நன்றி. என்னோடு வேலைபார்க்கும் காயல்பட்டினத்து முஸ்லிம் அண்ணன் (‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவோம்) ஒருவர் தன் கையிலிருந்து டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, ஒவ்வொரு தொழுகையிலும் பிள்ளைக்காக துஆ கேட்டார். அவரையும் உங்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காமாருக்கும் என்ன செய்தாலும் தகாது. நான் போய் நின்ற அன்றே ஒரு அக்கா, “சட்டைப் பொத்தானைக் கழற்றிட்டு உட்காருங்க தம்பி” என்று சொல்லி, பிள்ளையை என் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்கவைத்து, துணியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறையாம், அம்மா அப்பாவின் உடம்புச் சூடுதான் மருந்தாம். பூனைக்குட்டி மாதிரி சன்னமான மூச்சு. அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு ஜெபம் திரும்ப வந்தது.

43ஆம் நாள் வீட்டுக்கு வந்தாள், 1,820 கிராம். வார்டுக்கு நம்மூர் மஸ்கோத் அல்வா இரண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன், வேறு என்ன கொடுக்க?

விசுவாசத்துக்காக அடிபட்டு, வீடு இழந்து வந்தவர்கள் ஒதுங்க இடமாக 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்நின்று உண்டாக்கிய ஊர் நம்முடையது என்று தாத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தார். படித்த சரித்திரமாகத்தான் எனக்கு அது இருந்தது, இந்த வருஷம் வரை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். கடைசித் தெரு ஆச்சிதான் ஞானத்தாய். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியாதே என்று தயங்கினார்கள். குருவானவர் ஐயா சொல்லச் சொல்ல வாயால் சொன்னால் போதும் என்று நாங்கள்தான் சம்மதிக்க வைத்தோம். எல்லாரும் வாருங்கள். ஆராதனை முடிந்து நம் வீட்டில் சாப்பாடு. அந்த நோட்டும் அங்கே இருக்கும்; கடைசிப் பக்கத்தில் இன்றைய எடையை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைப் பிள்ளை