அந்த முதல் வரியை வெட்டு

அன்புள்ள பிள்ளைக்கு,

உடுவில் மகளிர் பள்ளிக்கூடத்தின்ர பழைய மாணவியர் மலருக்கு, பள்ளிக்கூடத்தின்ர வரலாற்றைப் பற்றி நீ எழுதின கட்டுரையைக் கொப்பா உரத்து வாசிச்சுக் காட்டினார். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் முதல் வரியிலயே எனக்குக் கோவம் வந்திட்டுது. "இருண்டு கிடந்த யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமார் ஒளி கொண்டுவந்தனர்" எண்டு எழுதியிருக்கிறாய். அதை வெட்டு. 1816இல் அமெரிக்கன் மிஷன்காரர் வந்து இறங்கேக்க இஞ்ச திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தது. நிகண்டும் நன்னூலும் பாடமாக்கின ஆக்கள் இருந்தவை. பெட்டையளுக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை. அதை அப்பிடியே எழுது.

அவையள் ஏன் எங்கட ஊருக்கு வந்தவை எண்டும் நீ சொல்லேல்லை. இங்கிலாந்தும் அமெரிக்காவும் சண்டை பிடிச்சு ஓய்ஞ்ச கையோட வந்தவை. ஆங்கிலேய அரசாங்கம் அவையளை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளதான் வேலை செய்ய விட்டது. தெல்லிப்பழையிலயும் வட்டுக்கோட்டையிலயும் பாழடைஞ்சு கிடந்த பழைய தேவாலயங்களைத் திருத்திக் குடியேறிச்சினம். 1823இல் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வட்டுக்கோட்டைச் செமினரி எண்ட உயர்கல்விக்கூடம் தொடங்கிச்சினம். அடுத்த வருசம் ஹரியற் வின்ஸ்லோ அம்மா எங்கட உடுவில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினா.

படிச்ச பெட்டையை ஆர் கட்டுவான் எண்டு தாய்மார் பயந்த காலம் அது. அதால, கலியாணம் வரைக்கும் விடுதியில நிண்டு படிச்ச பிள்ளையளுக்கு மிஷனே சீதனம் குடுத்தது! வந்த கொஞ்சக் காலத்துக்குள்ளயே எங்கட சனத்தின்ர நாடியைப் பிடிச்சிட்டினம். இதை நீ கட்டாயம் சேர்க்கவேணும். படிக்கிறவை சிரிப்பினம், சிரிக்கட்டும்.

உடுவிலில தலைமை ஆசிரியையா இருந்த எலைசா அக்னியூ அம்மாவைப் பற்றி நீ எழுதினது எனக்குப் பிடிச்சுது. 1840இல் வந்தவ, ஊருக்குத் திரும்பிப் போகாமல் 1883இல் இந்த மண்ணிலயே கண் மூடினவ. "ஆயிரம் பெண்மக்களின் தாய்" எண்டு அவவைச் சொல்லுறது. ஆனால் அந்த ஆயிரம் பிள்ளையளில ஒருத்தியின்ர பேராவது உன்ர கட்டுரையில இருக்கே?

பேர் எண்டால் இன்னொரு கதையும் இருக்கு. பிள்ளையளின்ர செலவுக்கு அமெரிக்காவில இருந்து காசு அனுப்பினவை தாங்கள் விரும்பின பேரை அந்தப் பிள்ளையளுக்கு வைப்பிச்சவை. அப்பிடித்தான் செமினரியில படிச்ச சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனவர், விசுவநாதபிள்ளைக்கு முன்னால கறோல் ஒட்டினது. சாப்பாடும் படிப்பும் குடுத்தவைக்கு நன்றி சொல்லத்தான் வேணும். எண்டாலும், பெத்தவை வைச்ச பேரை முகம் தெரியாத ஒருத்தர் கடல் தாண்டி மாத்திறது எனக்கு இண்டைக்கும் செரிக்கேல்லை. அவை அந்தப் பேரோடயே வாழ்ந்து சாதிச்சினம், அது வேற. ஆர்னல்ட் மிஷனின்ர உதயதாரகைப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தவர், 1886இல் தமிழ்ப் புலவர்மாரின்ர வரலாற்றைப் பாவலர் சரித்திர தீபகமாய் எழுதித் தந்தவர்.

செமினரியின்ர முடிவையும் எழுது. கிறிஸ்தவரை உண்டாக்கிறதை விட்டிட்டு உத்தியோகத்தரை உண்டாக்குது எண்டு மிஷனே அதை 1855இல் மூடிப்போட்டுது. இரண்டே வருசத்தில, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியள் ஆர் தெரியுமோ? அந்தச் செமினரியில படிச்ச விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளைதான் பேந்து கலித்தொகையைப் பதிப்பிச்சவர். மிஷன் நினைச்சது ஒண்டு, நடந்தது இன்னொண்டு.

ஆறுமுக நாவலரை ஏன் விட்டனீ? சைவர் எண்டோ? மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில படிச்சு, அங்கயே படிப்பிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட பைபிளைத் தமிழாக்கிறதுக்கு உழைச்ச மனுசன்தான் 1848இல் வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினவர். எங்கட அயலில மருதனார்மடத்தில சேர் பொன். இராமநாதன் 1913இல் சைவப் பெட்டையளுக்குக் கல்லூரி கட்டினதும் அந்தப் போட்டியிலதான். மிஷன் பள்ளிக்கூடத்தோட சண்டை பிடிச்சவையும் அதின்ர வரலாற்றுக்குள்ளதான் வருவினம்.

1960இல் உதவி பெறும் பாடசாலையளை அரசாங்கம் எடுத்த சட்டம், சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு இரண்டையும் நீ தொட்டிருக்கிறாய், அது போதும். அந்த இரவு உன்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்ததை மலரில போடாதை, அது எங்கட வீட்டுக் கதை.

உன்ர அம்மம்மாவும் உடுவிலில படிச்சவ எண்டு உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தேவாரம் படிப்பா. அரிசி புடைக்கேக்க பள்ளிக்கூடத்துக் கீர்த்தனை வாயில வரும். திருநீறு அழியவும் இல்லை, கீர்த்தனை மறக்கவும் இல்லை.

அவவின்ர வகுப்புப் படம் அலுமாரிக்குள்ள கிடந்தது, எடுத்து வைச்சிருக்கிறன். பின்பக்கம் ஒரு பேரும் எழுதேல்லை. மூண்டு பேரைத்தான் எனக்கு அடையாளம் தெரியுது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிட்டக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கப்போறன். அதுவரைக்கும் கட்டுரையை அனுப்பாமல் வைச்சிரு.

அன்புடன்,
அம்மா