மாயா கபேய்ராவின் அலைக்கும் ஓர் அளவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் போர்ச்சுகல்லின் நசாரே அலைகளைப் பற்றி வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் அருமை, அதில் குறையே இல்லை. ஆனால் அங்கே அலைச்சறுக்கில் சாதனை செய்த ஆண்களின் பெயருக்குப் பக்கத்தில் அலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் போட்டுவிட்டு, மாயா கபேய்ராவுக்கு மட்டும் 'அலையில் சிக்கி உயிர் பிழைத்த பிரேசில் பெண்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவருடைய அலைக்கும் ஓர் அளவு உண்டு. 22.4 மீட்டர். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை மனதில் நிறுத்திப் பாருங்கள்.

அவர் உயிர் பிழைத்தது உண்மைதான். 2013 அக்டோபர் 28 அன்று, ஜெட் ஸ்கி என்னும் நீர் மோட்டார் வண்டியில் இழுத்துக்கொண்டு போய் விட்ட பெரிய அலையில் விழுந்தார், கணுக்கால் எலும்பு உடைந்தது, உயிர்காப்பு அங்கியும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அடுத்தடுத்து அலைகள் தலைமேல் விழ, கூட்டாளி கார்லோஸ் பூர்லே வீசிய கயிற்றைப் பிடித்தார், கொஞ்ச தூரம் போனதும் பிடி நழுவி நீரில் குப்புற மிதந்தார். பூர்லே ஜெட் ஸ்கியை விட்டுவிட்டுக் கடலில் குதித்து அவரைக் கரைக்கு இழுத்துவந்தார், மணலிலேயே நெஞ்சை அழுத்தி மூச்சை வரவழைத்தார்கள். நான் கடலோர ஊர்க்காரி. அலை ஒருவரைச் சுருட்டினால் என்ன ஆகும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அதனால்தான் அவர் திரும்பி வந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இவருக்கு இதெல்லாம் சரிப்படாது, அந்த அலைக்கான திறமை இல்லை என்று பேர்போன அலைச்சறுக்கு வீரர்களே அப்போது வெளிப்படையாகச் சொன்னார்கள்.

முதுகில் மூன்று அறுவை சிகிச்சைகள். அப்புறம் அவர் செய்த காரியம், அதே நசாரேயிலேயே குடியேறியது. அந்த ஊருக்கு முன்னால் கடலுக்கடியில் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆழத்தில் வேகம் குறையாமல் வரும் அலையும் பக்கத்து மேட்டின் வழியாக மெதுவாக வரும் அலையும் கரையோரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால்தான் அங்கே அவ்வளவு உயரம். அந்தக் கடலை வருடக்கணக்கில் பார்த்துப் படித்துவிட்டு, 2018 ஜனவரி 18 அன்று 20.7 மீட்டர் அலையில் சறுக்கினார்.

சரி, சாதனை செய்தாயிற்று, சான்றிதழ் வந்துவிடும் என்று நினைப்போம். வரவில்லை. பெண்களுக்கென்று அப்படி ஒரு பிரிவே கின்னஸில் அதுவரை கிடையாது. மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் இணையத்தில் பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கி, அலைச்சறுக்குப் போட்டிகளை நடத்தும் உலக சர்ஃப் லீக்கை நெருக்கிய பிறகுதான் அந்த அக்டோபரில் அங்கீகாரம் கிடைத்தது. உயிரைக் கொடுத்து ஏறிய அலையை அளக்கச் சொல்லி ஒருவர் மனுப் போட வேண்டியிருந்தது, பாருங்கள்! அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் ஒரு இளையோர் போட்டியில் வென்ற பையனுக்கு 8,000 ராண்ட், வென்ற பெண்ணுக்கு 4,000 என்று இருவரும் காசோலையோடு நின்ற படம் வெளியாகி ஊரெல்லாம் கேள்வி கேட்டது. 2019 முதல் ஆண், பெண் இருவருக்கும் சமப் பரிசு என்று லீக் அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

2020 பிப்ரவரி 11 அன்று வந்ததுதான் அந்த 22.4 மீட்டர். அளப்பது லேசான வேலை இல்லை. படத்தில் குனிந்து நிற்பவரின் உடலையே அளவுகோலாக வைத்து, விஞ்ஞானிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பிரான்ஸின் வீராங்கனை ஜஸ்டின் டூபோன் சறுக்கிய அலைக்கும் இதற்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் அதில் தெரியவந்தது: அந்தக் குளிர்காலத்தில் அளந்ததில் ஆண்கள் சறுக்கிய எந்த அலையும் அவருடையதை எட்டவில்லை. உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டிய வரி இதுதான்.

2025 ஜனவரியில், 37 வயதில், அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். அச்சில் வந்ததை மாற்ற முடியாது, தெரியும். இணையப் பதிப்பிலாவது அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த 22.4-ஐப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி