கையை வைத்துப் பார், பிள்ளை

அன்பு மகளுக்கு,

வரும் சனிக்கிழமை படகைப் பெய்ன்ஸ்வில்லுக்குக் கொண்டுபோகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் கராஜிலேயே நிற்கிறேன். படகைப் பற்றி உனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் அதன் அடியில் கிடக்கும் டிரெய்லரை நீ ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. மெல்பேர்னிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் அதுதான் படகைச் சுமக்கப்போகிறது.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மோர்வெல் தாண்டி வீதியோரம் நின்றோமே, நினைவிருக்கிறதா? பின்னால் வந்த லொறிக்காரர் விளக்கடித்துக் காட்டியிராவிட்டால் சக்கரம் கழன்றே போயிருக்கும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தபோது கிரீஸ் நீர் கலந்து பால்தேநீர் நிறத்தில் வழிந்தது. பேரிங் உருளைகள் துருவேறிக் கிடந்தன. இரண்டு கோடை கடலில் இறக்கியும் நான் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. பின்சீட்டில் நீயும் தம்பியும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

நீர் எப்படி உள்ளே போகிறது என்று கேள். நெடுந்தூரம் ஓடினால் ஹப் சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரியும். அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது பின்பக்கத்து சீல் வழியாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே போய்ச் சேர்ந்தவுடன் இறக்காதே. ஹப் ஆறும்வரை பொறு. அதற்குள் விளக்கு வயரைக் கழற்று, படகின் அடித்தக்கையை இறுக்கு, பின்பட்டிகளை அவிழ். படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச்சை மட்டும் படகு மிதக்கும்வரை தொடாதே.

பெய்ன்ஸ்வில்லில் இருப்பது ஏரிதானே என்று அசட்டையாக இருந்துவிடாதே. லேக்ஸ் என்ட்ரன்ஸில் 1889இல் திறந்த வாய்க்காலால் கடல் உள்ளே வருகிறது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் ஸ்பிரிங் பட்டைகளையும் அச்சையும் கழுவு. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

நேற்று இரண்டு ஹப்பையும் பிரித்துப் புது கிரீஸ் போட்டேன். அடுத்த ஆண்டு நீயே செய்ய வேண்டும். உள்ளங்கையில் கிரீஸைக் குவித்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்திக்கொண்டே இரு. உருளைகளுக்கு நடுவே அது மறுபக்கம் பிதுங்கி வர வேண்டும். மேலே பூசினால் மட்டும் போதாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கு. இறுகியதும் கொஞ்சம் தளர்த்து. பிறகு நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடு. பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டாதே.

டிரெய்லர், படகு, எஞ்சின், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 480 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 48 கிலோ, காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். குளியலறைத் தராசின் மேல் மரக்கட்டை வைத்து நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நீ ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்துவிட்டால் அது குறைந்துவிடும்; வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்டும். அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்காதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்க்காதே, வயதையும் பார். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. நம்முடையதில் வெடிப்புக் கண்டு இரண்டையும் மாற்றிவிட்டேன்.

பருத்தித்துறையில் மாமாவின் வள்ளத்தைக் கரையேற்ற ஆறேழு பேர் தோள் கொடுப்பார்கள். அத்தனை பேரின் வேலையையும் இந்த இரண்டு சக்கரங்கள் உனக்காகச் செய்யும். தனியாகப் போகிறாயே என்று அம்மா கவலைப்படுகிறாள். எனக்கு அந்தக் கவலை இல்லை, நீ நிறுத்திப் பார்ப்பாய் என்றால்.

உதிரிப் பேரிங்குகளும் சீலும் ஸ்பிளிட் பின்னும் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. காரின் முன்சீட்டில் வைக்கிறேன். முதலில் பகென்ஹாமில் நிறுத்து, பிறகு ட்ராரல்கனில். இறங்கி இரண்டு ஹப்பையும் கையால் தொட்டுப் பார். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மற்றதைவிடச் சுட்டால் அங்கேயே நின்றுகொள், நான் வருகிறேன். எதுவானாலும் எனக்கு அழைத்துச் சொல். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

அன்புடன்,
அப்பா