கைநெசவுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டத்தில் நிர்வாகப் பேச்சை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தை உரைக்கும் செய்முறைக்கும் கொடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஒரு மாதம் தறியின் வரலாறு, அடுத்த மாதம் புதுமை நெசவு என்று மாற்றி மாற்றி வைப்பதாகத் திட்டம். முதல் சில மாதங்கள் அப்படித்தான் நடந்தது. அப்புறம் அந்தப் பிரிவினை தானாகவே கலைந்துவிட்டது. பழைய தறி ஒன்றைப் பற்றிப் பேசி முடித்த அடுத்த வாரமே, யாராவது ஒருவர் அதை வைத்துப் புதிதாக ஏதோ நெய்து எடுத்து வந்தார். இந்த ஆண்டில் நடந்த மிக நல்ல விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் உரை, பாவில், அதாவது நீளவாக்கு இழைகளில், எடை கட்டி நெய்யும் நிற்கும் தறியைப் பற்றியது. பண்டைய கிரேக்கத்தில் வீடுதோறும் புழங்கிய தறி இது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரு சாண் உயரம்கூட இல்லாத எண்ணெய்க் குப்பி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் கம்பளி நிறுப்பதும், நூல் நூற்பதும், தறியில் நின்று நெய்வதும், நெய்த துணியை மடிப்பதும் அதைச் சுற்றி வரையப்பட்டிருக்கின்றன. படத்தைத் திரையில் காட்டியதோடு விடாமல், உரையாளர் இரண்டு கம்பங்களைச் சுவரில் சாய்த்து, குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, பாவு இழைகளைத் தொங்கவிட்டு, நுனிகளில் சிறு மணல் பைகளைக் கட்டினார். நெய்து பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது, இதில் எல்லாமே தலைகீழ். துணி மேலிருந்து தொடங்குகிறது, குறுக்கே ஓடும் இழையான ஊடையை மேல்நோக்கி அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தோள் கடுத்துப்போகும்.

மரச் சட்டம் மண்ணில் மக்கிப்போகும், சுட்ட மண் எடைகள் அப்படியே கிடைக்கும். அவற்றின் கனத்தையும் தடிமனையும் வைத்து, அங்கே நெய்த நூல் மெல்லியதா தடித்ததா என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இதை நாங்கள் கையாலேயே உணர்ந்தோம். கனமான பையைக் கட்டியதும் மெல்லிய பருத்தி இழை பட்டென்று அறுந்தது. இலேசான பையைக் கட்டியபோது தடித்த கம்பளி இழை தளர்ந்து தொங்கியது. நூலுக்கேற்ற இழுவை என்று நாம் தினமும் சொல்லும் சொல்லுக்கு இவ்வளவு பழைய சாட்சி இருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

அடுத்தது இடுப்புத் தறி. பாவின் ஒரு முனை சன்னல் கம்பியில், மறு முனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும், அந்தத் தளர்ச்சியில், பாவு இழைகளைப் பிரித்துத் தூக்கும் கண்ணிகளான விழுதைத் தூக்கிக்கொள்ளலாம். பெரிய தறியில் படைமரம், சட்டம் ஆகிய மர உறுப்புகள் செய்யும் வேலையை உடம்பே செய்கிறது. ஆண்டிஸ் மலைப்பகுதி நெசவாளர்கள் இதுபோன்ற எளிய தறிகளில், நாலு பக்கமும் கரை கட்டிய, கத்தரியே படாத துணிகளை நெய்தார்கள். பாவையே பாதியில் நிறுத்தி வேறு நிறப் பாவோடு கோத்து நெய்யும் முறையும் அவர்களுடையது. பெரிய தறி இருந்தால்தான் பெரிய வேலை என்று நம்மில் பலருக்கு இருந்த எண்ணம் அன்று அசைந்தது. மிதித்தறி வாங்க முடியாமல் தயங்கிக்கொண்டிருந்த இளம் உறுப்பினர் ஒருவர், "அக்கா, இது எங்க வீட்டு சன்னல்லயும் கட்டலாம் இல்ல?" என்று கேட்டார். இப்போது பட்டை நாடாக்கள் நெய்துகொண்டிருக்கிறார், கரை நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது.

இயற்கைச் சாயம் பற்றிய உரையும், நூல் முறுக்கு பற்றிய உரையும் நடந்தன. இரண்டிலும் தகவல் நிறைய இருந்தது, கையில் எடுத்துப் பார்க்கப் பொருள்தான் இல்லை. வந்தவர்கள் பாதியிலேயே கலையத் தொடங்கினார்கள். சாயத்தைத் தொட்டியில் முக்கிப் பார்க்காமல் பேசுவதில் பயனில்லை என்பது செயற்குழுவின் கருத்து.

அதிகம் பேர் வந்தது ஜக்கார்டு உரைக்கு. துளையிட்ட அட்டைகளால் பாவு இழைகளைத் தேர்ந்து தூக்கிப் பூ வேலைப்பாடு நெய்யும் கருவி அது. அதற்கு முன்பு, பூ வேலைப்பாட்டுக்குப் பாவு இழைகளைக் கயிறு கட்டித் தூக்க ஓர் ஆள் தறியிலேயே உட்கார்ந்திருப்பார். எந்தக் கயிறு, எந்த வரிசை என்பதில் அவர் தவறினால் பூ கெட்டுவிடும். பிரான்சில் 1725-ல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளால் இழைகளைத் தேர்ந்தெடுக்க வழி கண்டார். 1728-ல் ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக மாற்றினார். பின்னர் வோகான்சோன் தன் பங்குக்குச் சில மாற்றங்கள் செய்தார். இவற்றையெல்லாம் சேர்த்து 1804-ல் ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த இயந்திரம்தான் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. ஆக, ஒரே மனிதரின் ஒரு நாள் யோசனை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் தம் பழைய ஜக்கார்டு பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்து விளக்கினார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதோடு சேர்ந்த கொக்கி நகராமல் நிற்கும், மேலே ஏறும் கத்தி எனும் பட்டை அதைப் பிடித்துத் தூக்கும், பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி கத்திக்குச் சிக்காது, இழை கீழேயே கிடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஒவ்வொருவரையும் அழைத்து, அட்டையை விரலால் அழுத்தச் சொல்லி, கொக்கி விலகுவதைக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் முறையும் வந்து நின்றார்கள்.

கணினிக்கு முன்னோடி இதுதான் என்ற பேச்சும் வந்தது. அது உண்மையே. 1839-ல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை, கணக்கிடும் இயந்திரங்களை வடிவமைத்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். 1843-ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஏடா லவ்லேஸ் பாபேஜின் இயந்திரத்தை விளக்கும்போது ஜக்கார்டு தறியைத்தான் ஒப்பிட்டார். ஆனால் நெசவாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பூவை அட்டை பார்த்துக்கொண்டால், நெய்பவர் கையில் மிஞ்சுவது என்ன? அடுத்த மாதம் அதற்குப் பதில் வந்தது. ஓர் உறுப்பினர் ஒரே பூவுக்கான அட்டைகளை எடுத்து, முதலில் வரிசைப்படி நெய்தார். அடுத்து, ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு ஊடை விட்டார், பூ நெடுக நீண்டு ஒடிசலானது. மூன்றாவதாக, ஊடை நூலை மட்டும் மாற்றி, தடித்ததும் மெல்லியதுமாக விட்டார். அட்டை ஒன்றே, பூ மூன்று. அந்தத் துண்டுகள் சங்க அறைச் சுவரில் இருக்கின்றன, அவசியம் பாருங்கள்.

ஜான் கேயின் விசை நாடா பற்றிய உரையும் சிறப்பு. நாடா என்பது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி. 1733-ல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாட்டால், இரண்டு பேர் நாடாவை மாறி மாறி எறிந்து நெய்த அகலத் துணியை ஒருவரே நெய்ய முடிந்தது. நெசவு வேகம் கூட, நூல் போதாமல்போனது. நூற்பு இயந்திரங்களுக்கான தேடலை அது முடுக்கிவிட்டது. 1785-ல் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேயின் மகன் ராபர்ட் 1760-ல் செய்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பல நாடாக்களை அடுக்கி, வேண்டிய நாடாவை வேண்டிய நேரத்தில் கொண்டுவரும் பெட்டியை அவர் உண்டாக்கினார். ஊடையில் நிறம் மாற்றுவது அதனால் எளிதானது. கட்டம் போட்ட துணியை நெய்பவர்கள் அவர் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும்.

புதுமை நெசவுக்கான உரைகளில் என் மனதில் நிற்பது நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் பற்றியது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். அந்தப் பட்டறையைக் குன்டா ஷ்டோல்ட்ஸல் தலைமையேற்று நடத்தினார். ஒதுக்கிவைத்த இடத்திலிருந்துதான் அந்தப் பெண்கள் நவீன நெசவுக்குப் புதிய பாதை போட்டார்கள். ஆல்பர்ஸ் தம் பட்டயத்துக்காக நெய்தது ஓர் அரங்கத்தின் சுவர்த் துணி. ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், மறுபக்கம் செலோஃபேன் இழை ஒளியைத் திருப்பி அனுப்பும். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது, நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. அப்படிப்பட்டவர், 1965-ல் வெளியான தம் நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தம் ஆசான்கள் என்று சொல்லி அவர்களுக்கே காணிக்கையாக்கினார். இடுப்புத் தறி உரையைக் கேட்டவர்களுக்கு அந்த வரி எவ்வளவு சரி என்பது புரிந்திருக்கும்.

அந்த உரைக்குப் பின் வந்த வேலைகளில் ஒலிநாடாவின் காந்த நாடா, பழந்துணிக் கீற்று, மீன்பிடி நரம்பு எல்லாம் ஊடையாயின. காந்த நாடாவில் நெய்த துண்டு கறுப்பாகப் பளபளக்கிறது, கையில் எடுத்தால் சலசலக்கிறது. மீன் நரம்பு மட்டும், ஊடையை நெருக்கும் சீப்பு போன்ற அச்சில் எவ்வளவு அடித்தாலும் பின்னுக்கு வழுக்கி வந்துவிடுகிறது. இடையிடையே பருத்தி ஊடை விட்டு அதைக் கட்டுப்படுத்த ஒருவர் முயன்றுவருகிறார்.

சிறுவர் வகுப்பில், நாலு மூலையிலும் துளையிட்ட அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பட்டை நெய்யக் கற்றுக்கொடுத்தோம். நார்வேயில் 834-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓசபர்க் கப்பல் கல்லறையில், நெய்து முடியாத பாவு கோத்தபடியே 52 மர அட்டைகள் கிடைத்தன என்று சொன்னதும், பிள்ளைகள் தங்கள் அட்டைகளை இன்னும் கவனமாகப் பிடித்தார்கள்.

பிற குழுக்களின் அழைப்பிலும் நம் உரையாளர்கள் போய் வந்தார்கள். பூத்தையல் குழுவுக்கும் ஒட்டுத்துணிக் குழுவுக்கும் தறி தெரியாது, துணி தெரியும். அதனால் துணியிலிருந்தே தொடங்கினோம். கரை வெட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்து, பாவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். இரு திசையிலும் இழுத்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் பாவுத் திசை குறைவாகக் கொடுக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அச்சு விட்டுப்போன மெல்லிய கோடுகள் பாவோடு ஓடுவது சில துணிகளில் தெரியும். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தோமே என்று அவர்களே சொன்னார்கள். அந்தக் குழுக்களிலிருந்து சிலர் நம் தொடக்க வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இரண்டு. வரலாற்று உரை, புதுமை உரை என்ற பிரிவை எடுத்துவிடலாம். ஒவ்வோர் உரைக்கும் மேடையில் ஒரு தறியோ, தறியின் ஒரு பாகமோ இருக்க வேண்டும் என்பதை விதியாக்கலாம். இதற்காகப் பழைய நாடா, விழுது, அச்சு, தார்க் குச்சி, அட்டைக் கட்டு எது வீட்டில் சும்மா கிடந்தாலும் சங்கத்துக்குத் தாருங்கள், உடைந்ததானாலும் பரவாயில்லை. கொடுப்பவரின் பெயரும், அதில் என்ன நெய்தார்கள் என்ற விவரமும் பதிவேட்டில் எழுதப்படும்.

உரையாற்றியவர்கள், தறி சுமந்து வந்தவர்கள், கூட்டம் முடிந்து பஞ்சுத் தூசியைப் பெருக்கியவர்கள் எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் இரண்டு முன்மொழிவுகளையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்