தேய்த்தால்தான் வெண்கலம் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகிவிடும் செயற்கைப் பிசின்) சிலைகள் பற்றிய கட்டுரையில், அவை வெண்கலம் போலத் தெரிய, கடைசியில் உலோக நிறப் பெயின்ட் அடித்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். இதே வேலை செய்கிறவன் நான், ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெயின்ட் அடித்த பொம்மை, பெயின்ட் அடித்த பொம்மையாகத்தான் தெரியும்.

வெண்கலத் தூளையே ரெசினில் கலக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் சிலிக்கோன் ரப்பர் அச்சின் உட்புறம் முழுக்க மென்மையான பிரஷ்ஷால் அந்தத் தூளைப் பூசி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட வேண்டும். ரெசினில் துளி கறுப்பு நிறமி சேர்த்தால் இன்னும் நல்லது. அச்சிலிருந்து எடுக்கும்போது சிலை மங்கலாக, மண் நிறத்தில்தான் இருக்கும். பலர் இங்கேதான் மனம் தளர்ந்து பெயின்ட் டப்பாவைத் தேடுகிறார்கள். தூளை ஒரு மெல்லிய ரெசின் படலம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். நன்றாக இறுகிய பிறகு, மிக நைஸான ஸ்டீல் உல்லால் (எஃகு இழைப் பஞ்சு) தேய்த்துப் பாருங்கள்: மூக்கு நுனி, விரல் கணு, உடை மடிப்பின் விளிம்பு என்று மேடான இடமெல்லாம் நிஜ உலோகம் மினுங்கும். அப்புறம் கறுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துடைத்தால், அது பள்ளங்களில் மட்டும் தங்கிவிடும்.

முகக்கவசம் பற்றி ஒரு வரிகூட இல்லையே! உலோகத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெண்கலத்துக்குப் பதில் அலுமினியத் தூள் என்றால், அது தீப்பற்றவும் கூடும். அதையாவது அடுத்த வாரம் போடுங்கள்.

இப்படிக்கு,
வார்ப்பு வேலை செய்யும் ஒரு வாசகன்