நூலக மதிப்பீட்டுப் படிவம்: வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தருக

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கல்லூரி நூலகத்தின் சேவைகளையும் வசதிகளையும் மதிப்பிடும் படிவத்தை நேற்று இக்குழுவில் பகிர்ந்திருந்தோம். இதுவரை வந்தவற்றுள் பாதிக்கு மேல், எல்லாக் கேள்விக்கும் 'நன்று' என்று ஒரே மூச்சில் குறித்தவை. அவற்றால் நூலகருக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

கணினிப் பட்டியலில் 'இருப்பில் உள்ளது' என்று காட்டும் நூல் அலமாரியில் உண்மையிலேயே கிடைத்ததா, தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எழுதுங்கள். சென்ற வாரம் நான் அரைமணி நேரம் தேடிய புள்ளியியல் நூல், கடைசியில் வணிகவியல் அடுக்கில் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது. 1931-இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதே என்பதால், இத்தகைய குறிப்புகளைச் சிறுகுறை என்று ஒதுக்க வேண்டாம்.

பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் வரும் மின்னூல்களையும் மின்னிதழ்களையும் பதிவு பெற்றவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். உங்களுக்குக் கடவுச்சொல் வந்ததா, வந்தும் பயன்படுத்தவில்லையெனில் என்ன தடை என்பதைத் தெரிவியுங்கள். வாசிப்பறை நேரம், இருக்கை, மின்விசிறி பற்றி ஒரு வரி போதும்.

பெயர் குறிப்பிடத் தேவையில்லை. கைபேசியில் நிரப்ப இயலாதவர்கள் நூலக முகப்பு மேசையில் அச்சுப்படிவம் பெற்றுக்கொள்ளலாம்.